பதினாலு பலகைக் கடை

சாலை என்று பேர்கொண்ட கடைத்தெருவில் என் கடைக்குக் கதவு கிடையாது. நான் விற்பது ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு. கதவுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது, கதவு மட்டும் இல்லையே என்று வாங்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். முன்பக்கம் முழுக்கப் பலகைகள்தான். மேலே உத்தரத்தில் நீளமாகப் பள்ளம் பறித்த ஒரு காடி, கீழே படிமரத்தில் ஒரு காடி. பலகைகளை ஒவ்வொன்றாக அந்தக் காடிகளுக்குள் நிறுத்தித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பதினாலாவது பலகை நின்றதும் குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்டினால் கடை மூடியாயிற்று. ஒவ்வொரு பலகையிலும் தமிழ் எண் சூட்டுக்கோலால் சுட்டிருக்கும். ஒன்று இடம் மாறினால்கூட மற்றது உட்காராது. ஒவ்வொன்றையும் அடுத்ததன் விளிம்போடு பொருத்தி இழைத்த வேலை அது.

தெருவில் அநேகமாக எல்லாக் கடைகளும் இப்படித்தான். வெட்டுக்கல் சுவர், மரத்தட்டு போட்ட மச்சு, அதற்கு மேல் ஓடு. மிளகாய் மண்டிக்காரரின் கட்டட முகப்பில் சுண்ணாம்புச் சாந்தால் செய்த இரண்டு சிங்கங்கள் உண்டு. ஒன்றுக்கு முகம் போய்விட்டது. ஜவுளிக்கடையின் மூலைத்தூணை மாட்டுவண்டிகள் உரசி உரசி இடுப்பு மாதிரி குறுக்கிவிட்டன. காலையில் கிழக்கேகோட்டைப் பக்கமிருந்து பலகை இழுபடும் சத்தம் தொடங்கும். ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் பரவி, எங்களைத் தாண்டி, தெருவின் மறு கோடி வரைக்கும் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிற்றில் பசி எடுக்கும். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டுப் பழகிய சத்தம்.

என் கடை முதலில் ஒரே பெரிய அரிசிக்கடையாக இருந்தது. கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் குடியிருந்த கட்டடக்காரர், சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நடுவில் ஒரு மரத்தட்டி வைத்து அதை இரண்டாக்கி வாடகைக்கு விட்டார். தட்டி வைத்தபோது முன்பக்கப் பலகைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. காடி இரண்டு கடைக்கும் சேர்த்து நீளமாக ஓடியது. பலகையை உள்ளே நுழைக்க அதில் வெட்டிவிட்டிருந்த இடமும் ஒன்றே ஒன்றுதான், கிழக்கு ஓரத்தில். மேற்குப் பாதி எனக்கு வந்தது. கிழக்குப் பாதி ஒரு கோரைப்பாய்க் கடைக்குப் போயிற்று.

ஆகவே சாயங்காலம் என் ஏழு பலகைகளும் பாய்க்கடை வாசலில் நுழைந்து, அந்தக் கடையின் முன்னால் ஊர்ந்து, என் பக்கம் வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகுதான் பாய்க்கடையின் ஏழு. காலையில் அதற்கு நேர்மாறு. அவர்கள் திறக்காமல் நான் திறக்க முடியாது. நான் மூடாமல் அவர்கள் மூட முடியாது.

பாய்க்கடைக்காரருக்குக் கண் மங்கி, பிறகு அறவே தெரியாமல் போயிற்று. கடை மகள் கைக்கு வந்தது. பாய், சுளவு, பனையோலைப் பெட்டி, விசிறி, துடைப்பம் விற்றாள். அப்பாவும் மகளும் சாப்பிட்டது அந்தப் பாதிக்கடையில் வந்ததை வைத்துத்தான். எங்கள் இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தவை; ஜாதியும் ஒன்றுதான். அவளுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். கடையை விட்டுவிட்டு வரச் சொன்ன மாப்பிள்ளைகள் இரண்டு பேரை வேண்டாம் என்று அனுப்பியவள். எனக்கு முப்பத்தைந்து. நான் பெண் பார்க்கப் போன வீட்டில், தரகரைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் எங்கும் போகவில்லை.

தெருவில் எல்லோரும் என்னை ஆணிக்கடை அண்ணாச்சி என்பார்கள், என்னைவிட மூத்தவர்கள்கூட. அவள் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை.

"ஆணிக்கடைக்காரரே, அஞ்சாம் பலகைய எங்க தள்ளுதீரு? என் விசிறிய இடிக்கி."

"ம்."

"ம்முன்னா எடுக்கப் போறேன்னு அர்த்தமா, எடுக்க மாட்டேன்னு அர்த்தமா?"

நான் பலகையைச் சற்று இழுத்துப் பிடிப்பேன்.

"கேட்டியளா அக்கா," என்று பாய் வாங்க வந்தவளிடம் அவள் சொல்வாள், "நாலு வருசத்துல இவரு எங்கிட்ட பேசின பேச்சையெல்லாம் ஒரு சுளவுல போட்டுப் புடைச்சா ஒரு பிடி தேறாது."

ஒரு நாள் அவள் அப்பாவுக்குக் காய்ச்சல். சாவியைப் பால்காரியிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிட்டாள். என் பலகைகளை எடுக்க வேண்டுமானால் அவள் பலகைகளை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் அவள் கடை திறந்து கிடக்கும். திறந்து கிடக்கிற கடைக்கு ஆள் வரும். அன்று முழுக்க நான் பாய் விற்றேன். ஒரு அம்மாள் ஆறு பாயை விரிக்கச் சொல்லிவிட்டு ஏழாவதைக் கேட்டாள். இன்னொருத்தி சுளவில் பொத்தல் என்று சண்டைக்கு வந்தாள். நான் பேசாமல் வேறு ஒன்றை எடுத்து நீட்டினேன். "இந்தக் கடையில இப்பத்தான் மரியாதை தெரிஞ்ச ஆளு இருக்கு," என்று வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் இதைக் கேட்ட பாய்க்கடைக்காரி, "அப்ப நான் மரியாதை கெட்டவளாக்கும்!" என்று சிரித்த சிரிப்பில் மிளகாய் மண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் வெளியே போக வேண்டியிருந்தால் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போவாள். கடையை நான் பார்த்துக்கொள்வேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்து ஒவ்வொரு கடைச் சுவரிலும் கரியால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். முகப்பிலிருந்து மூன்று அடி. என் கடையில் கோடு ஆணித்தட்டின் வழியாகப் போனது. தெரு முழுக்க இதே பேச்சுத்தான். "முகம் போனது ஒரு சிங்கம், முழுசா போகப் போறது ரெண்டு சிங்கம்," என்றார் மிளகாய் மண்டிக்காரர். கட்டடம் மூன்று அடி பின்னால் தள்ளிப் போனால் ஒழுங்காகக் காற்று வரும் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை.

கோடு போட்ட அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கட்டடக்காரர் குடையோடு வந்தார். பாய்க்கடைக்காரி பாய் முடைகிறவர்களைப் பார்க்கக் கரமனை ஆற்றங்கரைக்குப் போயிருந்தாள். இரண்டு கடைக்கும் நான்தான் காவல்.

"மூணடி போயிடப்போறது, கேட்டயா," என்றார். "அப்பறம் இந்தப் பாதிக்கடை கோழிக்கூடு மாதிரி ஆயிடும். ரெண்டு பேரை வச்சிண்டு என்னால மல்லுக்கட்ட முடியாது. நடுத்தட்டிய எடுத்துடறேன். அடுத்த மாசத்துலேர்ந்து முழுக்கடையும் நீயே எடுத்துக்கோ. நீ வாய் பேசாம ஒழுங்கா இருக்கறவன்."

நான் தட்டிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட திங்கக்கிழமை வந்து நானே சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

என்னிடம் எல்லோரும் சொல்லு, சொல்லு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். சொல்ல வேண்டாம் என்றவர் இவர் ஒருவர்தான். அவர் மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். ஐந்து வெற்றிலையை அடுக்கி, மேலே ஒரு பாக்கை வைத்து நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

சாலைக் கடைத்தெருவில் வெற்றிலை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நூறு மூட்டையானாலும் ஒரு மூட்டையானாலும் அப்படித்தான். காகிதம் அப்புறம் வரும், வராமலும் போகும். இருபது வருஷம் அந்தத் தெருவில் இருந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் வயதானவர் நீட்டிய கையை எப்படி அந்தரத்தில் நிறுத்தி வைப்பது? வாங்கிய பிறகுதான் எதை வாங்கினேன் என்று உறைத்தது.

"வெத்தலை மாறியாச்சு," என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பேச்சைத் திருப்பவும் ஒரு வழி உண்டு. மெல்லாத வெற்றிலையைப் பசுமை மாறாமல் கொண்டுபோய்க் கொடுத்தால் பேச்சும் திரும்பிவிடும். யாருக்கும் வருத்தம் இல்லை. வாடின வெற்றிலையைத் திருப்பினால் மட்டும் அது அவமரியாதை. அதை யாரும் கையால் தொட மாட்டார்கள். நான் வெற்றிலை போடுகிறவனில்லை. ஐந்தையும் ஈரத்துணியில் சுற்றி, வாழைப்பட்டைக்குள் வைத்துக் கட்டி, இரண்டங்குல ஆணிப் பெட்டியில் வைத்தேன். திங்கட்கிழமைக்குள் கோட்டைக்குள் போய்க் கொடுத்துவிட வேண்டும். அன்று அவர் வந்து அவளிடம் சொல்லிவிட்டால் பிறகு திருப்புவதற்கு ஒன்றும் இருக்காது.

அன்று சாயங்காலமே புறப்பட்டேன். கோட்டை வாசல் வரைக்கும் போனேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அங்கே நின்று, கடை மூட நேரமாகிவிட்டது என்று திரும்பி வந்தேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, பூஜை வீட்டில் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். துணியை மட்டும் மறக்காமல் மறுபடி நனைத்தேன்.

சனிக்கிழமை காலை பாய்க்கடைக்காரி வந்தாள்.

"ரெண்டங்குல ஆணி நாலு தாரும். பெட்டி தொங்கவிடணும்."

நான் ஒன்றரை அங்குல ஆணிகளை எடுத்தேன்.

"நான் என்ன கேட்டேன், நீரு என்ன எடுக்கீரு?" என்று அவளே எட்டிப் பெட்டியைத் திறந்தாள். வாழைப்பட்டையைப் பிரித்தாள். "இது நல்லாருக்கே! ஆணிப் பெட்டிக்குள்ள வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கீரு?"

நான் பெட்டியை என் பக்கம் இழுத்தேன்.

"நீரு வெத்தலை போட மாட்டீரே. யாரு தந்தா?"

"கட்டடக்காரரு."

"எதுக்கு?"

நான் ஆணிகளைப் பார்த்துக்கொண்டே, "முழுக்கடைக்கு," என்றேன்.

அவள் அந்தத் தெருவில் வளர்ந்தவள். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வாங்கிட்டீரா?"

"கைய நீட்டினாரு."

"கைய நீட்டினாரு," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பட்டையைப் பழையபடி மடித்து வைத்தாள். நாலு ஆணியை எண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் இல்லை. பாய் கேட்டு வந்த இரண்டு பெண்கள், "உடம்புக்குச் சொகமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் என் முதல் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன். எப்போதும் மறுமுனையை அவள் பிடித்துக் காடிக்குள் இறக்கிவிடுவாள். அன்று பிடிக்கவில்லை. ஒதுங்கி நின்று, "பலகைய உள்ள தள்ளுங்க, அண்ணாச்சி," என்றாள்.

ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற வார்த்தை அது. அவள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. நாலாம் பலகைக்குப் பிறகு ஆறாம் பலகையைத் தள்ளிவிட்டேன். அது உட்காரவில்லை. அதை அவள் வாசல் வரைக்கும் திருப்பி இழுத்து வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அவள் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பட்டையைப் பிரித்துப் பார்த்தேன். நாலு வெற்றிலை பச்சையாக இருந்தன. ஒன்றின் நுனி கருத்திருந்தது. இனி ஒரு நாள் தாங்காது. அன்று கடைக்குப் போகாமல் நேராகக் கோட்டைக்குள் நடந்தேன். 'சாமி, முழுக்கடை எனக்கு வேண்டாம், பாதி போதும், பாய்க்கடை இருக்கட்டும்' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தெருவுக்குத் தெரு அந்த வாக்கியம் சுருங்கிக்கொண்டே வந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் போய் நின்றபோது ஒரு சொல்லும் மிச்சமில்லை. வெற்றிலையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"என்னது?"

"வெத்தலை."

"தெரியறது. யாரோடது?"

"உங்களோடது, சாமி."

அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "ஒண்ணு நுனி கருத்திருக்கே."

"மனசு அன்னைக்கே வேண்டாம்னுதான் சொல்லிச்சு. காலு இங்க வர நாலு நாளாச்சு."

என் வாயிலிருந்து அவர் கேட்ட மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"முழுக்கடை வேண்டாங்கறவனை இப்பத்தான் பாக்கறேன். வேண்டாம்னா போ. வேற ஒருத்தனுக்கு முழுசா குடுத்துடறேன். உனக்கும் இல்லே, அவளுக்கும் இல்லே."

இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. உள்ளே அவருடைய மனைவி அரிவாள்மணையில் காய் நறுக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் எனக்குப் பலகைகள் ஞாபகம் வந்தன.

"தட்டிய எடுத்துருங்க, சாமி."

"எடுத்துட்டு?"

"ஒரே கடை. இரும்பு கீழ இருக்கட்டும். பாய மச்சுக்கு ஏத்திரலாம். ஓலைக்கு ஈரம் ஆகாது, மேல காத்து உண்டு. பதினாலு பலகையும் இப்பவும் ரெண்டு பேரும் சேந்துதான் அடைக்கோம். தட்டி ஒண்ணுதான் நடுவுல நிக்கி. மூணடி போனாலும் எடம் போதும்."

அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார். "வாடகைச் சீட்டு யார் பேர்ல எழுதறது?"

"ரெண்டு பேரு பேர்லயும்."

"ஒரு ஆம்பளை, ஒரு பொண்ணு. என்ன உறவுன்னு எழுதறது? அண்ணா தங்கைன்னு எழுதட்டுமா?"

"வேண்டாம்!" என்றேன்.

அவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. உள்ளே காய் நறுக்குவது நின்றது.

"ஏன்னா, கேட்டதுக்குத்தான் பதில் வந்துடுத்தே," என்றாள் அந்த அம்மாள். "இன்னும் அந்தப் பிள்ளைய நிக்க வச்சிண்டு என்ன கேள்வி? கொல்லைல கொடி இருக்கு, பத்து வெத்தலை பறிச்சுக் குடுங்கோ. அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட கொண்டுபோகட்டும்."

அவரே எழுந்து போய்ப் பறித்து வந்தார். அந்த அம்மாள் பாக்கும், ஒரு துண்டு மஞ்சளும் வைத்துக் கொடுத்தாள். "அவ சரின்னா சீட்டு எழுதறேன்," என்றார் அவர். "இல்லேன்னா வேற ஆள்தான். நாளைக்கு வருவேன். இந்தத் தடவை நுனி கருக்கற வரைக்கும் வச்சிண்டிருக்காதே."

நான் கடைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவள் தன் ஏழு பலகைகளை எடுத்துச் சுவரில் சாய்த்திருந்தாள். என் ஏழும் அப்படியே நின்றன. தெருவில் அந்த நேரத்தில் மூடியிருந்தது என் பாதிக்கடை மட்டும்தான். அவள் துடைப்பங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெத்தலைய திருப்பிக் குடுத்தாச்சு," என்றேன்.

கை நின்றது. "யாரு குடுத்தா?"

"நான்தான்."

"பேசினீரா? வாயத் தொறந்து?"

"ம்."

"அப்ப கையில அது என்ன?"

"இது வேற. உங்க அப்பாவுக்கு."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். வெற்றிலையைப் பார்த்தாள், பாக்கைப் பார்த்தாள், மஞ்சள் துண்டில் கண் நின்றது. ஒரு மாட்டுவண்டி எங்களுக்குப் பின்னால் மெதுவாகப் போயிற்று. அது முழுவதும் போகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

"எங்க அப்பாவுக்குப் பல்லு கிடையாது."

"இடிச்சுக் குடுக்கலாம்."

"எதுல இடிக்க?"

"சின்ன இரும்பு உரல் உண்டு. நம்ம கடையில."

"எந்தக் கடை?"

நான் கட்டடக்காரரிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். தட்டி, மச்சு, சீட்டு. திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

"கடைய விட்டுட்டு வான்னா நான் வர மாட்டேன். அது தெரியும்லா?"

"கடையிலதான் இருக்கச் சொல்லுதேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செரி. அப்பாகிட்ட மத்தியானம் போலாம். முதல்ல பலகைய எடும், ஆணிக்கடைக்காரரே. வெயிலு மண்டையப் பிளக்கி."

ஏழாம் பலகையின் மறுமுனையை அவள் பிடித்தாள்.

அடுத்த கோடையில் தெருவை உடைத்தார்கள். மூன்று அடியும் போயிற்று. சிங்கங்களை மிளகாய் மண்டிக்காரர் பத்திரமாக இறக்கிப் புது முகப்பில் ஏற்றினார். முகம் இல்லாததற்குக் கொத்தனார் புது முகம் வைத்தார். அது பூனை மாதிரி இருக்கிறது என்று தெருவே சொல்கிறது, அவர் ஒப்புக்கொள்வதில்லை. இப்போது இரண்டு வண்டிகள் உரசாமல் போகின்றன. ஜவுளிக்கடைத் தூணின் இடுப்பு அதற்கு மேல் மெலியவில்லை. யுத்தம் வந்து ஆணி கிடைக்காமல் போனபோது மச்சிலிருந்த பாய்தான் எங்களுக்குச் சோறு போட்டது. மாமனார் கடைசி வரைக்கும் அந்த உரலில் இடித்த வெற்றிலையைத்தான் போட்டார்.

எங்கள் முகப்பை உடைத்தபோது உத்தரமும் படிமரமும் உளுத்துப்போகாமல் திடமாக இருந்தன. அவற்றையே பின்னால் தள்ளி வைத்தோம். பலகைகளும் அவையேதான். வேலைக்கு வந்த ஆசாரி மலையாளத்துக்காரர். உளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணாச்சி, பலகை ஏத்தான் ரெண்டு பக்கமும் வெட்டு வேணோ? ஒரு பக்கம் மதியோ?"

மதி என்றால் அவர் பாஷையில் போதும். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் சொன்னேன்.

"ஒண்ணு மதி."

தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன் என்று அவள் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை.